செருப்பு கழன்றது தெரியாமல் நடந்த ஒன்றரை வருஷம்

சிவதாபுரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் "அம்மா, செருப்பு!" என்று கத்தினான். திரும்பினால் என் இடது கால் செருப்பு இருபதடி தள்ளி ரோட்டோரம் கிடக்கிறது. மாசி மாச மதிய வெயில், தார் ரோடு. கழன்றதும் தெரியவில்லை, சுட்டதும் தெரியவில்லை. பையனைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. அது 2023. கால் பிரச்சினை தொடங்கி அப்போதே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையில் இருந்த பணத்தில் பாதி கரைந்திருந்தது. என்ன வியாதி என்று ஒருவரும் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால், ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு வயது 51. சேலத்துக் கொலுசு வேலைதான் பிழைப்பு. பட்டறையிலிருந்து வரும் கொலுசுகளுக்குச் சலங்கை மணி பொருத்திக் கொடுக்கிறேன். வீட்டுத் திண்ணையில் என்னோடு மூன்று பேர் உட்கார்ந்து செய்வார்கள். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம். பையன் ஓசூரில் கம்பெனி வேலை. கால் எரிகிறது என்று அவனிடம் சொன்னால் லீவு போட்டு ஓடி வருவான், சம்பளம் பிடிப்பார்கள் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். நான் செய்த முட்டாள்தனங்களில் முதலாவது அதுதான். கூட ஒரு ஆள் வந்திருந்தால் டாக்டரிடம் நான் கேட்க மறந்ததை அவனாவது கேட்டிருப்பான்.

2021 ஐப்பசியில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. பகலில் தெரியாது. படுத்தால் மிளகாய்த்தூளை அரைத்துத் தடவினாற்போல இருக்கும். பாயை விட்டு இறங்கிச் சிமென்ட் தரையில் பாதத்தை வைத்துக்கொண்டு தூங்குவேன். அப்புறம் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ஏழு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. தெருமுனை டாக்டர் பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "சுகர் நரம்புல இறங்கிடுச்சும்மா" என்றார். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மூன்று ஊசி போட்டார், செக்கச்செவேல் என்று இருந்தது மருந்து. என்ன ஊசி என்று கேட்டேன். "சத்து ஊசிதான்" என்றார். சத்து என்றால் நல்லதுதானே, மேலே கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. அந்தச் சமயம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், அதனால் புகழ் முழுவதும் எண்ணெய்க்குப் போனது. அதே வாரத்தில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற ஒரு லேபில் 'முழு உடல் பரிசோதனை' 2,499 ரூபாய்க்குச் செய்துகொண்டேன். ரிப்போர்ட் பதினாறு பக்கம். பி12 வைட்டமின் என்ற இடத்தில் 1,240 என்று போட்டு மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. லேபிலிருந்து போன் செய்து விளக்கம் சொன்ன பெண், "பி12 அளவுக்கு மேலயே இருக்குங்க, சத்து மாத்திரை எதுவும் எடுக்காதீங்க" என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு எண்தான் அடுத்த ஒன்றே கால் வருஷம் என்னை அலைய வைத்தது.

அது ஏன் தப்பு என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அந்தச் சிவப்பு ஊசியே பி12 ஊசிதான். அதில் கோபால்ட் என்ற உலோகம் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஊசி போட்டு சில வாரங்களுக்கு ரத்தத்தில் அந்த அளவு வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உடம்பில் இருப்பு இருக்கிறதா, நரம்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. சம்பளம் போட்ட அன்றைக்கு பாஸ்புக்கைப் பார்த்து ஒருத்தரைப் பணக்காரர் என்று முடிவுகட்டுவது போலத்தான். அதனால் கை கால் எரிச்சல், மரத்துப் போதல் என்று எவரிடம் போனாலும், ஊசியோ மாத்திரையோ தொடங்குவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு டெஸ்டுக்குப் பின்னால் நான் கொடுத்தது 900 ரூபாய். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் அதை லேபிலும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். 'சத்து ஊசி', 'நரம்பு மாத்திரை' என்று சொன்னால் போதாது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருங்கள், ஊசியானால் பேரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பங்குனியில் எரிச்சல் திரும்பி வந்தது, கூடவே மரத்துப் போவதும். "நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உக்காந்தா மரத்துத்தான் போகும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எலும்பு டாக்டரிடம் போனேன். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 7,500. ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. என் வயதில் முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் நிறையப் பேருக்கு இப்படித்தான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. லேப் ரிப்போர்ட்டையும் காட்டினேன். "பி12 நிறைய இருக்கு, அது இல்லை" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். இடுப்பு பெல்ட் 1,200. பதினைந்து நாள் பிசியோதெரபி, நாளுக்கு 400 வீதம் 6,000. தூக்கத்துக்கும் எரிச்சலுக்கும் கொடுத்த மாத்திரையில் காலையில் எழுந்தால் தலை கிறுகிறுத்தது. எடை போடும்போது கிராம் கணக்கு தப்பியது. வெள்ளி வேலையில் கணக்கு தப்பினால் சேதாரம் நம் தலையில். அந்த வருஷம் அப்படிக் கைவிட்டுப் போனதை நான் கூட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் விருப்பமில்லை.

இதற்கு நடுவே நாக்கு புண்ணானது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு வழவழவென்று, தோல் உரித்த தக்காளி மாதிரி இருந்தது. தட்டுவடை செட் என்றால் உயிரை விடுகிறவள் நான், அந்தக் காரச் சட்னி பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்து, சாப்பிடுவதையே விட்டேன். நாக்குக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நாக்குக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர், இடையில் வந்த மறதிக்கு டாக்டரே இல்லை, அது வயசு. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் ஒரு பக்கமாகச் சாய்வேன். குளியலறைச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டே முகம் கழுவப் பழகிக்கொண்டேன். பழகிக்கொண்டேன் என்பதால் அதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: இப்படி நீங்கள் சமாளித்துப் பழகிப்போன சின்னச் சின்ன விஷயங்களைத்தான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். டாக்டருக்கு வேண்டிய துப்பு அதில்தான் இருக்கிறது.

பணம் போன மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பாதத்தைப் பிடித்துவிடுகிற மெஷின் 8,500. இன்றைக்கு அதன் மேல் அரிசி மூட்டை இருக்கிறது. சைவக்காரர்களுக்கு பி12 கிடைக்கும் என்று விற்ற சுருள்பாசி மாத்திரை மூன்று மாதத்துக்கு 3,600. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 மாதிரித் தோன்றும் வேறு சரக்கு, நம் உடம்பு அதை எடுத்துக்கொள்ளாது. டாக்டர் பீஸ், மாத்திரை எல்லாம் ஒரு 6,000. லேபையும் சேர்த்தால் முப்பத்தைந்தாயிரம் தாண்டுகிறது.

2023 மே மாதம் ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழா. என்னோடு வேலை செய்கிறவர்கள் வேன் பிடித்தார்கள், வற்புறுத்தி ஏற்றினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய், கூட்டத்தில் நின்று, அந்தக் குகைக்குள் குனிந்து நுழைந்தோம். உள்ளே ஒரே ஒரு பல்பு. அது அணைந்தது. அவ்வளவுதான், யாரும் இடிக்கவில்லை, தடுக்கவில்லை, தலை சுற்றவில்லை. வெட்டின வாழைமரம் மாதிரி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது.

சேலம் அரசு மருத்துவமனையில் கட்டுப் போடும்போது இருந்தது ஒரு சின்னப் பெண், டாக்டர் என்று சொன்னால் நம்ப முடியாத வயது. எல்லோரும் கை எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். அந்தப் பெண் மட்டும் "எப்படிம்மா விழுந்தீங்க? தடுக்கியா, தலை சுத்தியா?" என்று கேட்டார். ரெண்டும் இல்லை கண்ணு, லைட் அணைஞ்சது, விழுந்துட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தேன், பிடித்துக்கொண்டார். அப்புறம் இரும்பில் கவை மாதிரி ஒன்றைத் தட்டி, நல்ல கையின் மணிக்கட்டில் வைத்தார்; பூனை உறுமுகிற மாதிரி அதிர்ந்தது. கால் கட்டைவிரலில் வைத்தார். இரும்பின் ஜில்லிப்புகூடத் தெரியவில்லை. "கால் எங்க இருக்குன்னு உங்க மூளைக்குச் சேதி போகலைம்மா. இத்தனை நாளா கண்ணாலதான் நடந்திருக்கீங்க" என்றார்.

நான் சாப்பிடும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். மெட்ஃபார்மின். காலையில் வெறும் வயிற்றில் ஒரு அசிடிட்டி மாத்திரை, பான்டோபிரசோல். மூன்று வருஷத்துக்கு முன் ஒருமுறை எழுதிக் கொடுத்தது, அப்புறம் நானே மெடிக்கலில் வாங்கி நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தேன். கறி, முட்டை உண்டா? வீட்டுக்காரர் போனதிலிருந்து இல்லை. பால், தயிர்? சளி பிடிக்கிறதென்று பாலை விட்டாயிற்று, நீர்மோர் மட்டும். "மூணு கதவையும் சாத்தி வெச்சிருக்கீங்க" என்றார். பி12 உள்ளே வருகிற கதவுகளைத்தான் சொன்னார்; அது குறைந்துதான் நரம்பும் நாக்கும் கெட்டிருந்தன. பி12 இயற்கையில் கறி, மீன், முட்டை, பால் வகைகளில்தான் இருக்கிறது. வயிற்று அமிலம் அதை உணவிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். அசிடிட்டி மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. கடைசியில் சிறுகுடலின் அடிமுனையில் அது உடம்பில் சேர வேண்டும். வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு அங்கே சேர்வது குறைகிறது.

அப்படியானால் இத்தனை வருஷமாகக் கறி இல்லாமல் நன்றாகத்தானே இருந்தேன் என்று கேட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தானாம். எங்கள் தராசுக் கணக்கில் யோசித்தேன்: ஒரு மில்லிகிராம், அதாவது வெள்ளித் தூசி, அவ்வளவு பி12 ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வரும். கல்லீரல் இதைச் சில மில்லிகிராம் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வரவு நின்று வருஷக்கணக்கான பிறகு, காரணமே மறந்துபோன பிறகு, வியாதி தலைகாட்டுகிறது.

பழைய ரிப்போர்ட்டை நீட்டி, பி12 அதிகமாக இருந்ததே என்றேன். ஊசி போட்ட தேதியைக் கேட்டார், சிரித்தார். முதல் பக்கத்துக்குத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். எம்.சி.வி. 104, ஹீமோகுளோபின் 10.6. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் பருமன். வழக்கமாக 80லிருந்து 100க்குள் இருக்க வேண்டும். பி12 இல்லாமல் உருவாகும் அணுக்கள் ஊதிப் பெருத்துவிடும். ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் இருக்குமாம். ஆகவே பி12 எண் நேற்றைய ஊசியைச் சொன்னது, எம்.சி.வி. முந்தைய நாலு மாசத்தைச் சொன்னது. அதே தாளில் இரண்டும் இருந்தன. பதினாறு பக்கத்துக்குப் பணம் கொடுத்தேன், அந்த ஒரு வரியை ஒருவரும் படிக்கவில்லை. அந்த நிமிஷம் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் இதையும் சேர்த்தே அந்த டாக்டர் சொன்னார்: இரும்புச் சத்தும் குறைவாக இருந்தால் அணு சிறுக்கும், இரண்டும் சேர்ந்து எம்.சி.வி. சரியாக இருப்பது போலக் காட்டிவிடும், அதனால் எம்.சி.வி. சரியாக இருப்பதை மட்டும் வைத்து பி12 குறைவு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

புதிதாக எடுத்த பி12: 118. லேப் தாளில் 200க்குக் கீழே குறைவு என்று இருந்தது. 200க்கும் 300க்கும் நடுவில் வந்து, தொந்தரவும் இருந்தால், ஹோமோசிஸ்டீன் போல வேறு டெஸ்டுகளையும் பார்ப்பதுண்டு.

ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆறு ஊசி, அப்புறம் வாரம் ஒன்றாக நாலு, அப்புறம் மாசம் ஒன்று. அதே சிவப்பு ஊசி. சிலது ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தது. வெளியில் வாங்கியதற்கு மொத்தமாக ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது. நாக்கு இரண்டு வாரத்தில் ஆறியது. கால் மட்டும் முதல் மாசம் முன்னைவிட மோசமாகக் குத்தியது. பயந்துபோய் ஊசியை நிறுத்தப் பார்த்தேன்; செத்துக் கிடந்த நரம்பு விழிக்கும்போது சிலருக்கு அப்படி இருக்கும், விடாதீங்க என்றார்கள். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நடந்தே போய் வந்தேன். கட்டைவிரலும் அடுத்த விரலும் இன்றைக்கும் கட்டைதான். நரம்பு நாள்பட்டுக் கெட்டால் முழுசாகத் திரும்பாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முதல் மூன்று ஊசியோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு விரலும் மிஞ்சியிருக்குமோ என்று நினைப்பதுண்டு.

மெட்ஃபார்மினை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டதற்கு நன்றாகத் திட்டு வாங்கினேன். சர்க்கரை ஏறினால் அதுவும் இதே நரம்பைத்தான் கெடுக்கும். மாத்திரை தொடரட்டும், வருஷத்துக்கு ஒருமுறை பி12 பாருங்கள் என்றார்கள். அசிடிட்டி மாத்திரையை ஒரே நாளில் விட்டால் நெஞ்செரிச்சல் இரட்டிப்பாகத் திரும்பும் என்று படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இப்போது ராத்திரி ஒரு டம்ளர் பால், மத்தியானம் கெட்டித் தயிர். ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருக்குமாம். இருப்பைக் காக்க உதவும், விழுந்த பள்ளத்தை அது நிரப்பாது. இட்லி மாவு புளித்தால் பி12 வரும், பழைய சோற்றில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. பழைய சோறு எனக்கும் பிடிக்கும், வெயிலுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் 118ஐ வைத்துக்கொண்டு அதை நம்பி உட்காராதீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து எனக்குப் பேராசை வந்தது. பி வகைச் சத்து தண்ணீரில் கரைவது, மிஞ்சினால் மூத்திரத்தில் மஞ்சளாகப் போய்விடும், நஞ்சாகாது என்று யாரோ சொன்னதை நம்பி, மெடிக்கலில் கேட்டு இரண்டு விதமான நரம்பு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாதாந்திர ஊசிக்குப் போனபோது அட்டைகளைக் காட்டினேன் (அட்டையைப் பர்ஸில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டதே). இரண்டிலும் பி6 இருந்தது. மற்ற பி வகைகள் எப்படியோ, பி6 மட்டும் அதிக அளவில் நீண்ட நாள் போனால் அதுவே கால் நரம்பைக் கெடுக்குமாம், மரத்துப் போவது இதே மாதிரிதான் இருக்குமாம். நோயும் மருந்தும் ஒரே முகத்தோடு வந்தால் எதை நோவது? வெறும் பி12 மாத்திரை ஒன்று போதும் என்று மாற்றினார்கள். அதில் 1,500 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. 2 போதும் என்கிற இடத்தில் ஏன் இவ்வளவு என்றால், வாய்வழியே அவ்வளவு போட்டால் நூற்றில் ஒரு பங்குதான் தானாக ஊறி உள்ளே சேருமாம். இன்னொன்று, ரத்தசோகைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறி, பி12 குறைவு மறைந்துகொண்டு உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகலாம். அதனால் சோகை என்று தெரிந்தால் பி12ஐயும் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பையனுக்குக் கை உடைந்த அன்றுதான் எல்லாம் தெரிந்தது. கத்தினான், அப்புறம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். மருமகளிடம் மட்டும் ஒரு வாரம் புலம்பியிருக்கிறான்.

போன மாசம் என்னோடு வேலை செய்யும் புஷ்பா, ராத்திரியில் பாதம் எரியுதுங்க அக்கா, உங்களுக்குப் போட்ட அந்தச் சிவப்பு ஊசியை எனக்கும் போட்டுவிடச் சொல்லுங்க என்று வந்தாள். ஊசியைத் தொடக்கூடாது என்று முதலில் லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பி12 வந்தது 460, நல்லாவே இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 268. அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஊசி இல்லை என்றதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். திரும்பி வரும்போது, "அப்ப தட்டுவடை செட் சாப்பிடலாமா அக்கா?" என்று கேட்டாள். டாக்டரைக் கேட்டுக்கோ கண்ணு என்றேன்.